எங்க அப்பா வாய் மேல அடிச்ச சீல்

அண்ணாச்சி, காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கிடுங்க. இந்தப் பார்சலுக்குள்ள கண்ணாடி இருக்கு. எங்க அப்பா படம். திருநவேலி ஜங்ஷன்ல ஒரு ஸ்டுடியோவுல குடுத்து ரெடி பண்ணி, இப்பத்தான் வாங்கிட்டு வாரேன். சங்கரன்கோயில் வரைக்கும் மடியிலயே வச்சுக்கிடலாம்னுதான் பாத்தேன், முட்டி வலி விடமாட்டேங்கு.

இல்ல, பிரிக்க முடியாது. ஸ்டுடியோப் பிள்ளை நாலு பக்கமும் டேப்பைப் போட்டு ஒட்டிட்டு. அதுவும் இல்லாம, கதை தெரியாம இந்தப் படத்தைப் பாத்தா, இதை எதுக்கு ஒருத்தன் ஃப்ரேம் போட்டுச் சொமந்துக்கிட்டுப் போறான்னு தோணும். ஸ்டுடியோவுல ஒரு ஆளு என் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டான்.

எம் பேரு கோமதிநாயகம். சர்வே டிபார்ட்மெண்ட்ல முப்பத்தி நாலு வருஷம் நிலம் அளந்து ரிட்டயர் ஆனவன். அளவுச் சங்கிலியில ஒரு லிங்க்ஸ் பிசகுனதில்ல. இதை எதுக்குச் சொல்லுதேன்னா, எனக்கு ஒரு விஷயம் மனசுல பதிஞ்சா பதிஞ்சதுதான். எங்க அக்கா மாதிரி கிடையாது.

அப்பா சாகும்போது எனக்கு ஆறு வயசு. அக்கா உலகம்மாளுக்குப் பத்து. அப்பா பேரு ஆவுடையப்பன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லுல நைட் ஷிப்ட். ரெண்டு நாள் காய்ச்சல், மூணாம் நாள் ஆள் இல்ல. அம்மாவுக்கு அப்ப இருவத்தெட்டு.

அப்பாவுக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு போட்டோ. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கல. மில்லுல குடுத்த பாஸ்புக்குல ஒட்டுன படம்தான், தபால்தலையை விடக் கொஞ்சம் பெருசு. அதையும் ஒரு புண்ணியவான் கெடுத்து வச்சிட்டான். சீல் அடிச்சான் பாருங்க, நேரா வாய் மேல. மூக்குக்குக் கீழ இருந்து தாடை வரைக்கும் ஒரே ஊதா வட்டம். அதுல தண்ணி வேற பட்டு மை இளகிப் போச்சு. கீழுதடு இருக்க வேண்டிய எடத்துல இங்கிலீஷ்ல லிமிடெட்னு எழுதியிருக்கும். அவ்வளவுதான் எங்க அப்பா.

சீல் அடிக்கிறதுக்குன்னு ஒரு முறை இருக்கு அண்ணாச்சி. பாதி போட்டோ மேல, பாதி காகிதத்து மேல, ஓரமா அடிக்கணும். நானும் கவர்மெண்ட்ல சீல் அடிச்சவன்தான். எந்த மடையன் வாயில கொண்டுபோய் அடிப்பான்? மில்லை மூடி இருவத்தஞ்சு வருஷமாச்சு, இல்லன்னா நேர்ல போயே கேட்டிருப்பேன். நெனைக்கும்போதெல்லாம் அவனை ஏசுவேன். குளிக்கும்போது ஏசுவேன். சாப்பிடும்போது ஏசுவேன். எங்க வீட்ல பகவதி, அதான் என் சம்சாரம், 'அந்தாளு செத்தே முப்பது வருஷம் ஆகியிருக்கும், சோத்தை உண்ணுங்க'ம்பா.

ஊர்ல எல்லார் வீட்லயும் திதி அன்னைக்குப் படத்தை வச்சு மாலை போடுதாங்க. எங்க வீட்ல மட்டும் பித்தளைச் செம்புல பாஸ்புக்கைச் சாத்தி வச்சு, அம்மா அதுக்கு மேல ஒரு பிச்சிப்பூவை வைப்பா. வாரவன் போறவன்லாம் 'இது என்ன, பேங்க் புஸ்தகமா'ன்னு கேக்கான்.

போன தையோட அறுபதாவது திதி. இந்தத் தடவை அப்பாவைப் பெருசா, முழுசா, ஹால்ல மாட்டிப்புடணும்னு முடிவு பண்ணுனேன். அம்மாவுக்குச் சொல்லாம. பெட்டியில இருந்து பாஸ்புக்கை மட்டும் நைசா எடுத்துட்டு ஜங்ஷனுக்குப் பஸ் ஏறிட்டேன்.

ஸ்டுடியோவுல ஜெபராணின்னு ஒரு பிள்ளை. வயசு முப்பது இருக்கும். கெட்டிக்காரி. வெள்ளத்துல ஊறுன படம், கரையான் தின்ன படம், நடுவுல கிழிஞ்ச படம்னு எது வந்தாலும் கம்ப்யூட்டர்ல ஏத்திச் சரி பண்ணிருதா. பாஸ்புக்கை ஸ்கேன் பண்ணி அந்தப் பெரிய திரையில போட்டா பாருங்க, அப்பா கண்ணு எம் மூஞ்சி அளவுக்கு வந்து நிக்கி. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சேன். வெயில்ல போயிருந்தேன்லா, அதான்.

ஜெபராணி சொன்னா: "சார், சீலை எடுத்துரலாம். ஆனா சீலுக்கு அடியில ஒண்ணுமே மிச்சம் இல்ல. சுத்தி இருக்கிற எடத்தைப் பாத்து, இல்லாத எடத்தைக் கம்ப்யூட்டர் அதுவா நிரப்பும். ஆனா அது உங்க அப்பா வாயா இருக்காது. ஏதோ ஒரு வாயா இருக்கும்."

"மொதல்ல நிரப்பும்மா, பாத்துக்கிடலாம்"னேன்.

நிரப்புச்சு. முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு சிரிப்பு. பற்பசை விளம்பரத்துல வருவாம்லா, அந்த மாதிரி. கண்ணு இங்க சோகமா இருக்கு, வாய் அங்க இளிக்கி. "எம்மா, எங்க அப்பா ஸ்பின்னிங்ல அறுந்த நூலை முடிஞ்சவரு, நடிகர் இல்ல"ன்னேன். மறுபடி ஒரு பொத்தானை அமுக்குனா. தாடி வந்துட்டு. மூணாவது தடவை உதட்டுச்சாயம் போட்ட பொம்பளை வாய். எனக்குக் கோவம் வந்துட்டு. பகவதி கூட வந்திருந்தா, அவ சேலைத்தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டா. அவளுக்கும் மனசு கஷ்டம்தான்.

"அப்பாவுக்கு மீசை உண்டா சார்?"னு ஜெபராணி கேட்டா.

"கிடையாது"ன்னேன். டக்குனு சொன்னேன். எனக்குத்தான் ஞாபகம் இருக்கே. அப்பா என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு மில் கேட் வரைக்கும் கொண்டு போவாரு. ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். காது நல்லா விரிஞ்சு இருக்கும், மடல்ல ஒரு மரு. உச்சியில ரெட்டைச் சுழி. பகல்ல வீட்ல தூங்கும்போது மூஞ்சி மேல துண்டைப் போட்டிருப்பாரு, நான் பக்கத்துல போய்ப் படுத்துக்கிடுவேன். இவ்வளவும் எனக்கு அச்சா ஞாபகம் இருக்கு. மீசை இருந்தா அதுவும் ஞாபகம் இருக்கும்லா?

இருந்தாலும் ஒரு பேச்சுக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். அவ தென்காசியில இருக்கா.

"ஏல, மீசை உண்டுலே. முத்தம் குடுத்தா குத்தும்"ங்கா.

"அது மீசை இல்லக்கா. ரெண்டு நாள் சவரம் பண்ணாம இருந்திருப்பாரு."

"பத்து வயசுல எனக்கு மீசைக்கும் தாடிக்கும் வித்தியாசம் தெரியாதால? அம்மாட்ட கேளு."

"அம்மாட்ட கேட்டா அப்புறம் சர்ப்ரைஸ் எங்க இருக்கு?"ன்னேன்.

"அப்ப ஒன் இஷ்டம்"னு வச்சுட்டா. எப்பவுமே அப்படித்தான். அவ மேல அப்பாவுக்குப் பெரிய ஒட்டுதல் கிடையாது. அவளை 'ஏட்டி'ன்னுதான் கூப்பிடுவாரு. என்னை ராசாம்பாரு. 'ராசா, வால'ன்னு ஒரு கொரல், இப்பவும் காதுல கேக்கு. அந்தப் பொறாமை அக்காவுக்கு இன்னும் போகல.

சரி, நானே இறங்குனேன். நிலத்துல எல்லைக்கல் காணாமப் போச்சுன்னா என்ன செய்வோம்? பக்கத்துல இருக்கிற கல்லை வச்சு, சங்கிலி பிடிச்சு, இந்தக் கல்லு இங்கதான் இருந்திருக்கணும்னு கண்டுபிடிப்போம். மூஞ்சிக்கும் அதே கணக்குதான். பக்கத்துக் கல்லுன்னா யாரு? பெத்த மகன்தான். இஞ்ச் டேப்பைக் கொண்டு போய், திரையில அப்பாவோட கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். எம் மூஞ்சியில அளந்தேன். விகிதம் போட்டேன். "என் வாய், தாடை ரெண்டையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோ. அளவுக்கு மட்டும்"னேன்.

எடுத்து வச்சா. கச்சிதமாப் பொருந்துச்சு. பொருந்துனதுக்கு அப்புறம் பாத்தா, மூக்கு கொஞ்சம் அகலமாத் தெரியி. அந்தக் காலத்துக் கேமரா கோளாறு. அதையும் லேசா ஒடுக்கச் சொன்னேன். கன்னம் ஒட்டிக் கிடந்துச்சு, மில்லுல பஞ்சுத் தூசியில கிடந்தவரு, செத்தப்புறமாவது நல்லா இருக்கட்டும்னு கொஞ்சம் சதை வைக்கச் சொன்னேன். நெத்தியில முடி முன்னால வந்திருந்துச்சு, ஏறுநெத்திதான் களையா இருக்கும்னு பின்னால தள்ளச் சொன்னேன். காதை மட்டும் தொடவிடல. காது எனக்குத் தெரியும்லா.

மூணு வாரம், ஒம்போது தடவை பஸ் ஏறுனேன். கடைசியில ஜெபராணி திரையையும் பாக்கா, என்னையும் பாக்கா. "சார், இது வந்து…"ன்னு இழுத்தா. "சொல்ல வேண்டாம்மா, எனக்கே கண்ணு கலங்குது. அசல் எங்க அப்பாவேதான்"னேன். பாவம், அவளும் பிரிண்ட் பொத்தானை அமுக்கிட்டா.

தேக்கு ஃப்ரேம். கீழ ஒரு பித்தளைத் தகடுல பேரு, பிறப்பு, இறப்பு. திதி அன்னைக்குக் காலையில ஹால்ல மாட்டி, மேல ஒரு பட்டுத்துண்டைப் போட்டு மூடி, ரோஜா மாலையும் சாத்தி வச்சுட்டேன். தென்காசியில இருந்து அக்காவும் வந்திருந்தா. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து நாற்காலியில உக்கார வச்சுத் துண்டை எடுத்தேன்.

அம்மா பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் சொல்லுதா:

"ஏல, ஒன் படத்துக்கு எதுக்குல மாலை போட்டிருக்க? உயிரோட இருக்கிறவனுக்கு இது என்ன கூத்து? கழத்து மொதல்ல."

ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்து ஒரு வருஷம்தான் ஆகுது. டாக்டர் என்னதான் சொன்னாலும் பார்வை செட் ஆக நாளாகும்லா. அக்கா சுவர்ப் பக்கமா திரும்பிக்கிட்டா. தோளு ரெண்டும் குலுங்குது. அழுதான்னு நெனைக்கேன்.

"அம்மா, நல்லாப் பாருங்க. இது அப்பா."

அம்மா எந்திரிச்சுப் பக்கத்துல போனா. விரலை எடுத்து அந்தக் காதைத் தொட்டா. மருவைத் தடவிக்கிட்டே, "காது அவுக காதுதான்"னா. அப்புறம் விரல் கீழ வந்து நின்னுட்டு.

"இது யாரு வாய்?"

"சீல் மறைச்சிருந்துச்சுல்லாம்மா. அதை எடுத்துட்டு நிரப்பியிருக்கு."

"யாரு எடுக்கச் சொன்னா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. மூணு வாரம் அலைஞ்சவன் நான். "எடுக்காம? எந்தக் கிறுக்கன் மனுசன் வாயில சீல் அடிப்பான்? அவன் மட்டும் கையில கிடைச்சான்னா…"ன்னு ஆரம்பிச்சேன்.

"அவனை ஏசாத"ன்னா அம்மா. "அடிக்கச் சொன்னதே அவுகதான்."

அடுப்புல பாயசத்தைக் கிண்டிக்கிட்டு இருந்த பகவதியும் கரண்டியோட வந்து நின்னுட்டா.

அம்மா நாற்காலியில உக்காந்து நிதானமாத்தான் சொன்னா. அப்பாவுக்குப் பிறவியிலயே மேலுதடு பிளந்திருக்குமாம். மூக்கு வரைக்கும். அதை மறைக்கத்தான் மீசை வச்சாராம். ஆனா பிளவு இருந்த எடத்துல முடி முளைக்கல, நடுவுல ஒரு கோடு, வரப்பு வெட்டுன மாதிரி அப்படியே தெரியுமாம். ஆளுங்க முன்னால சிரிக்க மாட்டாராம். தண்ணி குடிச்சாக் கூட திரும்பி நின்னுதான். மில்லுல பாஸ்புக்குக்குப் போட்டோ எடுத்து ஒட்டுனப்ப, சீல் அடிக்கிற குமாஸ்தாகிட்டப் போய், "ஐயா, அந்த முத்திரையை என் வாய் மேல அடிச்சுருங்க"ன்னு கேட்டிருக்காரு. அந்தாளு மொதல்ல புரியாம முழிச்சுட்டு, அப்புறம் இவர் மூஞ்சியைப் பாத்துட்டு, எடுத்து நல்லா அமுத்தி அடிச்சாராம்.

"வீட்டுக்கு வந்து எங்கிட்ட காட்டுனாக"ன்னா அம்மா. "'பாத்தியாட்டி, இனிம எவனுக்கும் தெரியாது'ன்னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு. வாயைப் பொத்தாம, முழுசா. அது எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கேன். ஊருக்கு எதுக்குல?"

அக்கா சொல்லுதா, "ஆமாலே, அப்பா சுவத்தைப் பாத்து உக்காந்துதான் சாப்பிடுவாரு." இப்ப சொல்லுதா பாருங்க. மீசை இருந்துச்சுன்னு சொன்னவ, நடுவுல கோடு இருந்ததைச் சொன்னாளா? அரைகுறை ஞாபகம். மீசை விஷயத்துல அவ சொன்னது ஓரளவு சரின்னு வச்சுக்கிடுவோம். அவ்வளவுதான்.

அந்தத் துண்டு இருக்குல்லா, தூங்கும்போது மூஞ்சி மேல போட்டிருப்பாருன்னு சொன்னேனே. வெளிச்சத்துக்காகப் போட்டிருக்காருன்னுதான் அறுபது வருஷமா நெனைச்சுக்கிட்டு இருந்தேன். நான் பின்கட்டுக்குப் போய்க் கை கழுவுனேன். கொஞ்ச நேரம் கழுவுனேன்.

திரும்பி வந்து அம்மாட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "பேச்சு நல்லா வருமாம்மா?"

"வரும். சில எழுத்துதான் வராது. மானா, பானா ஒதட்டுல நிக்காது. ஒனக்குக் கோமதிநாயகம்னு எங்க மாமனார் பேரை வச்சுட்டு, அதைச் சொல்ல வராம பட்ட பாடு அவுகளுக்குத்தான் தெரியும். அதான் ஒன்னை ராசான்னு கூப்பிட்டாக. உலகம்மாளை ஏட்டின்னாக."

அக்கா என்னைப் பாத்து ஒரு பார்வை. நான் அசரல. ஏன்னா, யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. மானா, பானா இல்லாத பேரு எத்தனை இருக்கு? தொரைன்னு கூப்பிட்டிருக்கலாம். ஏலேன்னு விட்டிருக்கலாம். தேடித் தேடி ராசான்னுதானே எடுத்தாரு. என்ன நான் சொல்லுதது?

அம்மா ஒரே பிடியா நின்னுட்டா. "பெருசா வேணா இருக்கட்டும். அவுக எப்படி விட்டுட்டுப் போனாகளோ அப்படி வேணும்." அவ்வளவுதான் பேச்சு. அன்னைக்குத் திதிக்குப் பழையபடி பாஸ்புக்குதான், செம்புதான், பிச்சிப்பூதான்.

மறுவாரம் ஜெபராணிகிட்டப் போய் நின்னேன். எந்த மூஞ்சியோட கேக்க? மூணு வாரமா ஒரு பிள்ளை கண்ணு நோக நோக அழிச்ச சீலை, திருப்பிப் போடுன்னு எப்படிச் சொல்ல? சுத்தி வளைச்சு முழுக் கதையும் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே இருந்துட்டுக் கம்ப்யூட்டர்ல ஏதோ ஒண்ணைத் திறந்தா. அதுல அந்த ஊதா வட்டம் மட்டும் தனியா இருக்கு. வெள்ளைப் பின்னணியில, லிமிடெட்டோட.

"எடுத்ததைத் தூரப் போட மனசு வரல சார். தனியா வச்சிருந்தேன்"னா.

அப்பாவோட பழைய மூஞ்சி, பழைய மூக்கு, ஒட்டுன கன்னம், எல்லாத்தையும் அப்படியே கொண்டு வந்தா. பூஞ்சையும் கீறலும் மட்டும் இல்ல. அப்புறம் அந்தச் சீலைக் கொண்டு வந்து வாய் மேல வச்சா. நான் சர்வேயர்லா, சும்மா இருக்க முடியுமா. "கொஞ்சம் மேல தூக்கி வச்சா தாடையாவது தெரியுமேம்மா. தாடை நல்ல தாடை"ன்னேன். "எப்படி இருந்துச்சோ அப்படின்னுதானே அம்மா சொன்னாங்க"ன்னுட்டா. வட்டத்தை நாலு பக்கமும் அளந்து பாத்தேன். ஒரு நூல் பிசகல. சரின்னு விட்டுட்டேன்.

அந்தப் படம்தான் இது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, மாட்டணும்.

அந்த மொதப் படமா? அதை ஏன் கேக்கிய. தேக்கு ஃப்ரேம், வீணாப் போகுதே, ஜெபராணிகிட்டயே குடுத்துட்டு வருவோம்னு இன்னைக்குக் காலையில கையில எடுத்தேன். பகவதி ஓடி வந்து பிடுங்கிட்டா. "அது இங்கயே இருக்கட்டும், ஒரு நாளைக்கு வேணும்"ங்கா. நாப்பது வருஷத்துல நான் சொன்ன எதுக்கும் அவ இப்படிப் பதறி ஓடி வந்ததில்ல. பழைய வேட்டியில சுத்தி, பூச்சி அரிக்காம நாலு வேப்பங்கொழுந்தை வச்சு, அவளே ஏணி போட்டுப் பரண்ல ஏத்திட்டா. அந்தப் பித்தளைத் தகட்டை மட்டும் கழட்டி எடுத்துட்டா. ஏன்டின்னு கேட்டா, "பேரும் தேதியும் அப்புறமா வெட்டிக்கிடலாம்"ங்கா.

கண்ணால பாக்காத மாமனார் மேல இவளுக்கு இவ்வளவு மரியாதை இருக்குன்னு எனக்கு இத்தனை வருஷம் தெரியாமப் போச்சு, பாத்தியளா.